குப்பைக்கூடையிலிருந்து எடுத்த ஜெல்: தாடைப் பருவுக்கு ஏழு மாதம் அடாபலீன்

அடாபலீன் ஜெல், 0.1 சதவீதம், 15 கிராம் டியூப். பூச ஆரம்பித்த நாலாவது வாரம் இதைக் குப்பைக்கூடையில் வீசினேன். மறுநாள் காலையில் அம்மா கூடையை வெளியே கொண்டுபோவதற்குள் நானே எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன், இன்னொரு டாக்டரைத் தேடிப் போய் இன்னொரு முறை ஃபீஸ் கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான் காரணம். இப்போது ஏழு மாதம் ஆகிறது, நாலாவது டியூப் ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு வருஷமாகத் தாடையை விட்டு நகராமல் இருந்த பரு கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒரு மார்க் ஏன் போச்சு என்பதையும், இந்த டியூப் கைக்கு வருவதற்கு முன்னால் எங்கெல்லாம் காசைத் தொலைத்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பரு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அதே வழியில்தான் போகிறார்கள்.

எனக்கு 30 வயது. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர், வேலை புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில். தினமும் ஸ்கூட்டியில் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால் பிறகு ஹெல்மெட் கதை ஒன்று வருகிறது. பள்ளிக்கூடம் படிக்கும்போது நெற்றியில் பொடிப்பொடியாகப் பரு வந்து, காலேஜ் இரண்டாம் வருஷத்தில் தானாகப் போய்விட்டது. விட்டது சனி என்று இருந்தேன். 26 வயதில் மறுபடி ஆரம்பித்தது, இந்த முறை நெற்றியில் ஒன்றுமில்லை, காதுக்குக் கீழே தொடங்கித் தாடை எலும்பு ஓரமாக முகவாய் வரைக்கும் மட்டும். மேலே முனை தெரியாது, உள்ளே கோலிக்குண்டு மாதிரி உருளும், தொட்டால் வலிக்கும், கொட்டாவி விட்டால்கூட வலிக்கும். இரண்டு வாரம் இருந்துவிட்டு ஒரு கரும்புள்ளியை விட்டுப் போகும், அடுத்த மாதம் அதே இடத்துக்குப் பக்கத்து வீட்டில் குடிவரும். உங்களுக்கும் இப்படித்தான் என்றால் மேலே படியுங்கள். மூக்கு மேல் எப்போதாவது வரும் ஒற்றைப் பருவுக்கு இவ்வளவு பெரிய கதை தேவையில்லை.

வீட்டு வைத்தியத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு, எலுமிச்சம்பழச் சாறு, ராத்திரியில் பற்பசை, ஒருமுறை பூண்டை நறுக்கித் தேய்த்து அந்த இடம் வெந்தே போச்சு. மாவு வகை கெடுதல் செய்யவில்லை, நல்லதும் செய்யவில்லை. எலுமிச்சையும் பூண்டும் மாநிற முகத்தில் விட்டுச் சென்ற கறை, பரு விட்ட கறையைவிட அதிக நாள் இருந்தது. சூட்டுக் கட்டி என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், இளநீர், வாரம் ஒரு எண்ணெய்க் குளியல். குடித்தவரை நன்றாகத்தான் இருந்தது, தாடை மட்டும் கேட்கவில்லை.

அப்புறம் பார்லர். சித்தி பெண்ணுக்குப் பாடலீஸ்வரர் கோயிலில் கல்யாணம், போட்டோவில் தாடை தெரியுமே என்று பத்து நாள் முன்னால் புதுச்சேரியில் ஒரு பார்லருக்குப் போனேன். ஆவி பிடித்து, கம்பியால் அமுக்கி, ஏதோ பழ வாசனை க்ரீமை அரை மணி நேரம் தேய்த்து, முகம் பளபளவென்றுதான் வெளியே வந்தேன். நாலாம் நாள் அமுக்கிய இடமெல்லாம் வீங்கிக்கொண்டது. ஆழத்தில் இருக்கிற கட்டியை மேலேயிருந்து அமுக்கினால் சீழ் வெளியே வருவதற்குப் பதில் உள்ளேயே உடைந்து பக்கத்துக்குப் பரவும் என்று பிற்பாடு நான் காட்டிய தோல் டாக்டரம்மா சொன்னார். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் வலது பக்கம் திரும்பி நிற்கிறேன், பார்க்கிறவர்கள் நான் யாரையோ தேடுகிறேன் என்று நினைப்பார்கள்.

இதெல்லாம் சில்லறை நஷ்டம். பெரிய நஷ்டம் ஒரு மெடிக்கலில் நடந்தது. கடை பேர் வேண்டாம், இப்படிக் கொடுக்கிற கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. பருவுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "இது போடுங்கக்கா, ஒரே வாரத்துல கிளீனாயிடும்" என்று ஒரு சின்ன டியூப்பை எடுத்து நீட்டினான். அவன் சொன்னது பொய்யில்லை. ஒரு வாரத்தில் சிவப்பு அடங்கியது, முகம் ஒரு சுற்று வெளுத்தது, ஆபீஸில் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள், நானும் பெருமையாக இரண்டு பேருக்கு அந்தப் பேரை எழுதிக் கொடுத்தேன் (அவர்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்). மூன்று மாதம் போட்டேன். ஒரு தடவை ஊருக்குப் போனபோது மறந்து வைத்துவிட்டுப் போக, மூன்றாம் நாள் கன்னமெல்லாம் தீப்பட்ட மாதிரி எரிச்சல், தாடையில் ஒரே அளவில் வேர்க்குரு மாதிரி நூறு பரு. திரும்ப வந்து அதையே பூசினால் அடங்கியது. நிறுத்தினால் எரியும், பூசினால் அடங்கும். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அந்த டியூப்பில் இருந்தது ஸ்டீராய்டு. கூடவே தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோன், அதோடு ட்ரெடினோயின். மூன்றும் சேர்ந்த இந்தக் கலவையைத் தோல் டாக்டர்கள் மங்குவுக்குக் கொஞ்ச நாள் மட்டும், கண்காணிப்போடு கொடுப்பார்கள். நம் ஊரில் அது முகக்களிம்பு மாதிரி விற்றுக்கொண்டிருக்கிறது. ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை 2018-இல் மத்திய அரசு மருந்துச்சீட்டு இருந்தால் மட்டுமே விற்கவேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டது. பட்டியல் அதன் பாட்டுக்கு இருக்கிறது, கவுன்டர் அதன் பாட்டுக்கு நடக்கிறது. இப்படிக் கெட்டுப்போன முகத்துக்கென்றே நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனியாக ஒரு பேரே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று பாருங்கள். உங்கள் வீட்டில் இருக்கிற டியூப்பைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். மோமெடாசோன், பீட்டாமெத்தாசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன், இந்த மாதிரிப் பேர் ஏதாவது இருந்தால் பருவுக்கு அது ஆகாது. ஆனால் பல மாதம் பூசியிருந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள், நான் பட்ட எரிச்சல் உங்களுக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் மஞ்சக்குப்பம் பக்கத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். நாலு வருஷமாக ஏன் போகவில்லை என்று கேட்டால் சிரிப்பீர்கள். தோல் டாக்டர் போர்டில் எல்லாம் "தோல், பால்வினை நோய்" என்று சேர்த்துத்தானே எழுதியிருக்கும், அந்தப் படிப்பே அப்படி ஒன்றாகத்தான் இருக்கிறது. "கல்யாணம் ஆகாத பொண்ணு, அந்த போர்டுக்குக் கீழ உக்காந்திருக்கறத யாராவது பாத்தா என்னடி நெனப்பாங்க?" என்று அம்மாவுக்குக் கவலை. கடைசியில் அம்மாவே கூட வந்தார், முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு. உள்ளே போனால் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவருக்குப் படர்தாமரை, இன்னொருவருக்கு முடி கொட்டுகிறது.

டாக்டரம்மா முகத்தைப் பார்த்தது ஒரு நிமிஷம், கேள்வி கேட்டது பத்து நிமிஷம். பீரியட்ஸ் எத்தனை நாளுக்கு ஒருமுறை, தள்ளிப் போகுமா? முகவாயில், மேலுதட்டில் முடி தடிப்பாக வருகிறதா? உச்சியில் முடி கொட்டுகிறதா? திடீரென்று எடை போட்டதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், ஜிம்முக்குப் போய்ப் புரோட்டீன் பவுடர் குடிக்கிறாயா, தலைக்கு என்ன எண்ணெய், முகத்தில் இதுவரை என்னென்ன போட்டாய்? அந்த டியூப் பேரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் மாதத்தில் எந்த நாட்களில் பரு வருகிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "எல்லா நாளும்தான் டாக்டர்." "இல்லம்மா, காலண்டர்ல குறிச்சு வைங்க, அடுத்த தடவ பேசலாம்."

குறித்து வைத்தேன். வீட்டு நாள்காட்டியிலேயே புதுப் பரு வந்தால் பென்சிலால் ஒரு புள்ளி, பீரியட்ஸ் வந்தால் ஒரு வட்டம். இரண்டு மாதம் கழித்துத் தாளைத் திருப்பிப் பார்த்தால் புள்ளியெல்லாம் வட்டத்துக்கு முந்தின எட்டு பத்து நாளில் எறும்பு மொய்த்த மாதிரி மொய்த்திருக்கிறது. நாலு வருஷமாக என் முகத்தில் நடந்த விஷயம், ஒரு பென்சில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பரு அழுக்கால் வருவதில்லை, எவ்வளவு கழுவினாலும் கழுவிப் போகாது. தோலுக்குள் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அதை முடுக்கிவிடுவது ஆண்ட்ரஜன் என்கிற ஹார்மோன். ஆண் ஹார்மோன் என்று பேர், ஆனால் பெண் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கத்தான் செய்யும். பீரியட்ஸுக்கு முந்தின நாட்களில் ஹார்மோன்களின் விகிதம் மாறுகிறது, தாடை, முகவாய்ப் பகுதிச் சுரப்பிகள் அதற்குச் சட்டென்று எகிறுகின்றன. எண்ணெய் கூடுகிறது, கூடவே துளையின் வாயில் செத்த செல்கள் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன, அடைபட்ட இடத்தில் எப்போதும் தோலில் வாழும் பாக்டீரியா பெருகி வீக்கம் வருகிறது. அப்படியானால் எனக்கு ஹார்மோன் கோளாறா என்று பயந்துபோய்க் கேட்டேன். ரத்தத்தில் அளந்தால் இந்த வயதில் பரு வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் அளவு சரியாகத்தான் இருக்குமாம், அந்த அளவுக்குச் சுரப்பி அதிகமாக ரோஷப்படுகிறது, அவ்வளவுதான். எனக்கு 29, 30 நாளுக்கு ஒருமுறை சரியாக வருவதால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதவில்லை. ஒரு லேபுக்கும் அனுப்பாத டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

எல்லோருக்கும் இப்படி இருக்காது. நெல்லிக்குப்பத்தில் என் மாமா பெண்ணுக்கு அதே தாடைப் பரு, ஆனால் பீரியட்ஸ் இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளும், முகவாயில் முடியும் இருந்தது. அவளுக்குப் பிசிஓடி என்கிற சினைப்பைக் கோளாறு. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி மாதிரி தெரிந்தால் மட்டும் அந்தப் பேர் வைத்துவிட முடியாது. பீரியட்ஸ் ஒழுங்கில்லாமல் போவது, ஆண்ட்ரஜன் கூடியதற்கான அடையாளம், ஸ்கேனில் தெரிவது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும், வேறு காரணம் இல்லை என்றும் பார்க்கவேண்டும். ஆகவே தாடைப் பருவோடு பீரியட்ஸும் தள்ளுகிறது என்றால் ஜெல் வாங்கிப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், மகளிர் டாக்டரிடமும் காட்டுங்கள்.

சரி, ஹெல்மெட். எனக்கு இடது பக்கத்தைவிட வலது தாடையில் அதிகம், ஏன் என்று எனக்கும் புரியவில்லை. டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பட்டையைப் புரட்டிப் பார்த்தார். கொக்கி வலது பக்கம், அங்கேதான் ஸ்பாஞ்சு, அது வாங்கியதிலிருந்து தண்ணீரைக் கண்டதில்லை. நம் கடலோரப் புழுக்கத்தில் நாற்பது கிலோமீட்டர் வியர்வையோடு அது உரசிக்கொண்டே வந்தால் அடைபட்ட துளை வீங்காமல் என்ன செய்யும். மாஸ்க், வயலினைத் தாடையில் இடுக்கி வாசிப்பது, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசுவது, எல்லாம் இதே ரகம். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பட்டையைத் துவைக்கிறேன், பழைய காட்டன் துணியை மடித்துச் சுற்றிக்கொள்கிறேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்டதற்கு அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. எண்ணெய் விஷயத்தில் எனக்கும் அம்மாவுக்கும் சமரசம்: தேங்காய் எண்ணெய் தலைக்கு உண்டு, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மட்டும், ராத்திரி முழுக்க வழியவிட்டுத் தூங்கும் வேலை இல்லை, முகத்துக்குக் கிடையவே கிடையாது, தேங்காய் எண்ணெய் துளையை அடைக்கும் ரகம்.

சாப்பாட்டில் அவர் அதிகம் கைவைக்கவில்லை. பண்ருட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பலாப்பழத்தை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு அவரிடம் இல்லை. சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் சாப்பாடு, பால், வே புரோட்டீன் இவற்றுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, நீங்களே பார்த்து உங்களுக்கு ஒத்துவராததைக் குறையுங்கள் என்றார். நான் ஆபீஸில் ஒரு நாளைக்கு நாலு தடவை குடித்த இனிப்பு டீயை இரண்டாக்கினேன். அதனால் குறைந்ததா, ஜெல்லால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. பலாச்சுளை எண்ணிக்கை குறையவில்லை.

இனி ஜெல்லைப் பற்றி. வெள்ளை நிறம், வாசனை கிடையாது, பூசினால் பிசுபிசுப்பில்லாமல் இழுத்துக்கொள்ளும். வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து, ரெட்டினாய்டு வகை. துளையின் வாயில் செல்கள் ஒட்டி அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை, கூடவே வீக்கத்தையும் கொஞ்சம் தணிக்கும். ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிற பருவுக்கு இது மருந்தில்லை. வெளியே தெரிகிற பரு பல வாரம் முன்பே கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக உள்ளே ஆரம்பித்துவிடுகிறது, இந்த ஜெல் அடுத்த மாதத்துப் பருவை இந்த மாதமே தடுக்கிறது. நான் இதைப் புரிந்துகொள்ளாமல் பரு மேல் மட்டும் பொட்டு வைக்கிற மாதிரி வைத்துப் பத்து நாள் வீணாக்கினேன். தாடை முழுக்க, காதுக்குக் கீழிருந்து காதுக்குக் கீழ் வரை, பரு இல்லாத இடத்திலும் பூசவேண்டும். முகம் முழுக்கவே ஒரு பட்டாணி அளவுதான், கூடப் போட்டால் சீக்கிரம் போகாது, சீக்கிரம் எரியும்.

ராத்திரி முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். எனக்கு ஸ்டீராய்டு தின்ற தோல் என்பதால் முதலில் வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும் பல வாரம் போடவைத்து, எரிச்சல் அடங்கிய பிறகே ஜெல்லை ஆரம்பித்தார், அதுவும் மாய்ஸ்சரைசர் போட்டு, மேலே ஜெல், அதற்கு மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். இரண்டாம் வாரம் உதட்டோரமும் மூக்கோரமும் தோல் உரிந்து, சாம்பார் பட்டாலே சுரீர் என்றது. அந்த இடங்களில் கொஞ்சம் வாசலின் தடவிவிட்டு ஜெல் பூசினால் பிரச்சினை இல்லை, இதை யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். நாலாம் வாரம் பரு குறைவதற்குப் பதிலாக அதிகமானது. உள்ளே இருந்ததெல்லாம் வரிசையாக வெளியே வருகிறது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார், கேட்கும்போது தலையை ஆட்டிவிட்டேன், கண்ணாடியில் பார்க்கும்போது ஆட்ட முடியவில்லை. குப்பைக்கூடை சம்பவம் அந்த வாரத்தில்தான்.

எட்டாவது வாரம் வரை பெரிய வித்தியாசம் இல்லை. பத்தாவது வாரம் ஒரு சாயங்காலம் அரியாங்குப்பம் பாலத்தில் டிராஃபிக்கில் நின்றபோது பழக்கதோஷத்தில் பட்டைக்கு உள்ளே விரலை விட்டுத் தாடையைத் தடவினேன், வலிக்க ஒன்றுமில்லை. பின்னால் ஹாரன் அடித்துத்தான் வண்டியை எடுத்தேன். 12 வாரம் பொறுங்கள் என்று எல்லா டாக்டரும் சொல்வது சும்மா இல்லை. நாள்காட்டியில் மாதம் பத்துப் பன்னிரண்டு புள்ளி இருந்தது, இப்போது இரண்டு, சில மாதம் ஒன்று. பீரியட்ஸுக்கு முன்னால் அந்த ஒன்று வந்துதான் தீருகிறது, வந்தாலும் நாலு நாளில் போய்விடுகிறது.

கூடவே காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் கொடுத்திருந்தார். பாக்டீரியாவைக் கொல்லும், அதற்கு இதை எதிர்த்து நிற்கப் பழகத் தெரியாது. கிளிண்டமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கைத் தனியாகப் பூசினால் சில மாதத்தில் பாக்டீரியா பழகிவிடும், அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். 5 சதவீதம், 10 சதவீதம் எல்லாம் கடையில் உண்டு, வாங்காதீர்கள், 2.5 செய்கிற வேலையைத்தான் அவையும் செய்யும், எரிச்சல் மட்டும் உபரி. ஆனால் இது துணியின் சாயத்தைத் தின்றுவிடும். எங்கள் வீட்டு நீலத் துண்டில் அங்கங்கே ஆரஞ்சு வட்டம் விழ ஆரம்பித்ததும் அம்மா சோப்புத்தூளை மாற்றினார், பிறகு வாஷிங் மெஷின்காரரை வரவழைத்தார், கடைசியில் என் சுடிதார் கழுத்திலும் அதே வட்டத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

முதல் ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையும் இருந்தது. நிறையத் தண்ணீரோடு விழுங்கவேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது என்று சீட்டிலேயே எழுதியிருந்தார். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு முழுங்கிவிட்டுப் படுத்தேன், நெஞ்சுக்கூட்டில் மிளகாய் அரைத்த மாதிரி இரண்டு நாள் எரிந்தது. இந்த மாத்திரையும் வெயிலுக்கு ஆகாது, ஜெல்லும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும், ஆகையால் சன்ஸ்கிரீன் இல்லாமல் வண்டியை எடுப்பதே இல்லை. மாநிறத் தோலில் பரு விட்ட கறுப்பு மறைய மாதக்கணக்கு ஆகும், வெயில் பட்டால் இன்னும் இழுக்கும். நான் ஒரு மார்க்கைக் குறைத்தது அந்தக் கறைக்காகத்தான். பரு கிட்டத்தட்ட நின்றுவிட்டது, பழைய கறைகள் ஏழு மாதத்தில் பாதிதான் மங்கியிருக்கின்றன. அதற்கு இப்போது அசெலாயிக் ஆசிட் க்ரீம் சேர்த்திருக்கிறார், அது வேலை செய்கிறதா என்று சொல்ல இன்னும் நாள் இருக்கிறது.

யார் வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பமாக இருக்கிறவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் அடாபலீன் பக்கம் போகவேண்டாம், டாக்டரிடம் சொன்னால் வேறு எழுதுவார். அமெரிக்காவில் 2016 முதல் இதைச் சீட்டு இல்லாமல் கடையிலேயே வாங்கலாம். அதைப் படித்துவிட்டு நீங்களாக ஆரம்பிப்பதற்கு முன், முகத்தில் இருப்பது பருதானா என்று ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. என் தம்பி என் ஜெல்லை ஒரு வாரம் திருடிப் பூசினான், அவனுக்குத் தாடையில் இருந்தது பருவே இல்லை, ஒட்ட ஷேவ் செய்வதால் சுருண்டு தோலுக்குள்ளேயே திரும்பி வளரும் முடி. பிளேடை விட்டு டிரிம்மருக்கு மாறினான், சரியாயிற்று.

ஜெல்லுக்கு மசியாதவர்களும் உண்டு. மாமா பெண்ணுக்கு இதே ஜெல் நாலு மாதத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குக் கருத்தடை மாத்திரையும் ஸ்பைரோனோலாக்டோனும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது, பிரஷருக்கும் நீர் பிரியவும் கொடுக்கிற பழைய மாத்திரை, ஆண்ட்ரஜன் சுரப்பியில் போய் ஒட்டாமல் தடுப்பதால் தாடைப் பருவுக்கும் கேட்கிறது. அது பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் என்பதால் தினம் இரண்டு இளநீர் குடிக்கிற அவள் பழக்கத்துக்கு டாக்டர் தடை போட்டுவிட்டார், மாமாவுக்கு அதில்தான் வருத்தம், தோப்பு அவருடையது. கர்ப்பத்தில் அந்த மாத்திரையும் கூடாது. இன்னும் கடுமையாகக் குழி விழுகிற பருவுக்கு ஐசோட்ரெடினோயின் இருக்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கக்கூடியது, அதைச் சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. தோழி கொடுத்தாள் என்று அதை வாங்கிப் போடுகிற பெண்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு அந்த மெடிக்கல் பையன் ஞாபகம்தான் வருகிறது.

செலவுக் கணக்கு. கன்சல்டேஷன் ஐந்து முறை, டியூப் நாலு, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் எல்லாம் சேர்த்தாலும் பார்லரிலும் ஆன்லைன் சீரத்திலும் நாலு வருஷம் நான் விட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. இவற்றில் அதிகம் காசு தின்பது சன்ஸ்கிரீன். அடாபலீன் பல கம்பெனிகள் போடுகின்றன, விலையில் நல்ல வித்தியாசம் உண்டு, அதே 0.1 சதவீதம்தானா என்று பார்த்து மலிவானதை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். தனியார் ஃபீஸ் கட்டுப்படியாகாது என்றால் புதுச்சேரிப் பக்கம் மத்திய அரசு ஆஸ்பத்திரி ஜிப்மர் இருக்கிறது. முத்தியால்பேட்டையில் இருந்து வரும் என் ஆபீஸ் தோழி கோரிமேட்டுக்குக் காலையிலேயே போய் அங்கே காட்டினாள், சீட்டைக் கொண்டுவந்து காட்டியபோது பார்த்தால் எனக்கு எழுதிய அதே இரண்டு மருந்து.

டியூப்பின் மேல் இரண்டு சின்னக் குறை. மூடி திருகும்போது வழுக்குகிறது, அமுக்கினால் பட்டாணிக்குப் பதில் கொண்டைக்கடலை வந்து விழுகிறது. உள்ளே வைத்திருக்கும் தாளில் எழுத்து எறும்பு அளவு, தமிழில் ஒரு வரி இல்லை.

எவ்வளவு நாள் பூசவேண்டும் என்று போன வாரம் கேட்டேன். பரு நின்ற பிறகும் வாரத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி தொடரவேண்டுமாம், நிறுத்தினால் சுரப்பி பழைய வேலையை ஆரம்பிக்கும். அம்மா அன்றைக்கும் கூட வந்திருந்தார், முந்தானை தோளிலேயே இருந்தது. திரும்பும் வழியில் துணிக்கடையில் இறங்கி, தலையணை உறை நாலு, துண்டு மூன்று, எல்லாமே வெள்ளையில் எடுத்துக்கொடுத்தார்.